அரை மேசை ஆண்ட வேந்தன்

வாழ்க, வாழ்க, செவியளக்கும் செம்மல் வாழ்க! எண்ணிறந்த வயலின்களும் ஏங்கும் குழல்களும் பிளிறும் கொம்புகளும் இடியை நாணச் செய்யும் முரசங்களும் திரண்ட ஆர்கெஸ்ட்ரா என்னும் பேரிசைப் பெருஞ்சேனையைத் தன் பழைய மடிக்கணினிக்குள் குடியேற்றி, ஒற்றை ஆளாய் உட்கார்ந்து ஆள நினைத்த மாவீரன் வாழ்க! கருவி வாங்குவதில் கார்மேகம், வாங்கிய கருவியை மூலையில் சார்த்துவதில் முற்றும் துறந்த முனிவன், 'இதுதான் கடைசி' என்று மனைவியிடம் உரைப்பதில் மலையினும் மாறா உறுதியன், அன்னவன் புகழைப் பாடப் புகுந்தேன். மின்சாரத் தாயே, பாதியில் போய்விடாதே.

அவன் யார், எவ்வூரான், எக்குடிப் பிறந்தான் என்று வினவுவீராயின், இந்த வரலாற்றை எழுதுகிறவனுக்கு மிகவும் வேண்டியவன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இருவரும் ஒரே செருப்பைத்தான் போடுகிறார்கள். அதற்கு மேல் துருவாதீர்கள். பகற்பொழுதில் அவன் காது கேட்கும் மெஷின் விற்கும் கடையொன்றின் பின்னறையில் அமர்ந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் வாடிக்கையாளரை உட்கார்த்தி, 'கீ' என்னும் சிற்றொலியை மெல்ல மெல்லத் தேய்த்து, "கேட்டால் கை தூக்குங்கள்" என்று ஆணையிடுவான். கை தூக்கியவர் வீட்டுக்குப் போவார். தூக்காதவர் மெஷின் வாங்குவார். இவ்வாறு ஊரார் செவியையெல்லாம் அளந்து அட்டையில் கோடு போட்டுக் கொடுத்த அச்செம்மல், தன் செவியை ஒருநாளும் அந்தக் கூண்டுக்குள் கொண்டுபோய் உட்கார்த்தியதில்லை.

அவ்வேந்தன் ஆண்ட நிலப்பரப்பு யாதெனின், வீட்டின் முன்னறையில் சன்னலோரம் கிடந்த மேசையின் மேற்குப் பாதி. கிழக்குப் பாதியை ஆண்டவள் அவன் மனைவி. கத்தரிக்கோலே செங்கோலாக, அளவுநாடாவே கழுத்தணியாக, கால்சட்டை நீளம் குறைத்தும் இடுப்பைப் பிரித்துவிட்டும் ஜிப் மாற்றியும், சுற்றுவட்டாரத்தார் இளைத்தாலும் பெருத்தாலும் அவர்கள் மானத்தைக் காத்துவந்த தையற்காரி. இரு நாட்டுக்கும் நடுவே துணியில் குறிபோடும் சாக்கால் கிழித்த வெள்ளைக்கோடு ஓடியது. கோட்டுக்குக் கிழக்கே தையல் மெஷின் நாள்முழுதும் உழைத்தது. மேற்கே, பற்பல ஆண்டுகளாக வாங்கிக் குவித்த மைக்கும், கழுத்தொடிந்த ஸ்டாண்டும், எதற்கு வாங்கினோம் என்று வாங்கியவனுக்கே மறந்துபோன வயர்ச்சுருள்களும் தூசி போர்த்தித் தவம் கிடந்தன. தொடங்கிய பாட்டுகள் எத்தனையோ. முடித்தது ஒன்றுமில்லை.

இந்நிலையில் கிழக்கு நாட்டின் வாயிலில் செல்வம் வந்து கதவைத் தட்டியது. புதிதாய்த் திறக்கவிருந்த ஓட்டலொன்று, தன் ஊழியர் அனைவருக்கும் சீருடை தைத்துத் தர முடியுமா என்று கேட்டது. அத்தனை துணியையும் அடுக்கி வெட்ட மேசை முழுதும் வேண்டும். பெரிய வேலை வந்தால் தரையில் மண்டியிட்டு வெட்டி வெட்டி அவளுக்கு முழங்கால் காய்த்துப்போயிருந்தது. வேறொருத்தியாயின் அன்று மாலையே மேற்கின்மேல் படையெடுத்திருப்பாள். இவளோ நியாயக்காரி, புருஷனின் பைத்தியம் இன்னதென்று அறிந்து கட்டிக்கொண்டு அழுபவள். ஓட்டல்காரரிடம் சில நாள் தவணை வாங்கிக்கொண்டு வந்து, உலக வரலாற்றிலேயே மிகச் சுருக்கமான போர்ப்பிரகடனத்தைச் செய்தாள்.

"ஒரே ஒரு பாட்டு முடிச்சுக் காட்டுங்க. யாராவது ஒருத்தர் நல்லாருக்குன்னு வாங்கிக்கட்டும். நான் அந்த ஆர்டரை வேணாம்னு சொல்லிடறேன். முடியலைன்னா மேசை எனக்கு."

வேந்தன் வாய்விட்டு நகைத்தான். போனால் ஒரு பலகைதானே என்று நீங்கள் நினைக்கலாம். அவனால் அப்படி நினைக்க முடியவில்லை. அந்தப் பாதிப் பலகை இருக்கும்வரைதான் அவன் இசைக்காரன். சொந்தபந்தம் கூடுமிடத்தில் 'ஒரு பெரிய வேலை போய்க்கிட்டிருக்கு' என்று சொல்லிக்கொள்ள அவனுக்கிருந்த ஒரே பட்டா அது. அது பறிபோனால் அவன் வெறும் காது மெஷின் கடைக்காரன். அதை நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

பயந்தவனுக்குத் துணையாக வந்து சேர்ந்தான் அவனுடைய சின்னம்மா மகன். இவன் அலுவலக நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மேடை நாடகம் போடுகிறவன். இம்முறை கப்பல் கவிழ்கிற கதை. புயலுக்குத் தகர டப்பாவும் மேளமும் போதும் என்று அவர்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். கப்பல் கவிழ்ந்து, பிழைத்த சிலர் கரையொதுங்கிக் கண்விழிக்கும் விடியற்காட்சிக்குத்தான் வயலின்கள் திரண்டு பாட வேண்டும். ஆள் வைத்து வாசிக்க வழியில்லை. 'நம்ம அண்ணன் கம்ப்யூட்டர்லயே பண்ணுவாரே' என்று யாரோ சொன்னார்களாம். சொன்னது யார் என்று வேந்தனுக்குத் தெரியும். அவனே போன மாதம் சொன்னது. வந்தவன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

"நூறு பேர் உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கணும்ணா. கீபோர்டு மாதிரி இருந்தா மட்டும் வேணாம்."

மூண்டது போர். வேந்தன் முதலில் நாடியது இணையப் பெருவெளியில் ஆசிரமம் அமைத்து, முதுகுக்குப் பின்னால் நீலவிளக்கு எரிய வீற்றிருக்கும் முனிவர் கூட்டத்தை. குறைந்த செலவில் மெய்யான ஆர்கெஸ்ட்ரா செய்வது எப்படி என்று தலைப்பிட்டு, தம்மிடமிருந்த விலையுயர்ந்த பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டினார் ஒருவர். கணினிக்கு மெமரி கூட்டாதவன் வாழ்ந்தும் வீண் என்றார் மற்றொருவர். மெமரியில் ஒன்றுமில்லை, ஹெட்போனில்தான் இருக்கிறது முக்தி என்றார் வேறொருவர். இம்முனிவர் எல்லோரும் ஒன்றில் மட்டும் கருத்தொருமித்தனர். உன்னிடம் இப்போது எது இருக்கிறதோ, அது போதாது.

முதற்போர் கட்டைகளைப் பற்றியது. எண்பத்தெட்டுக் கட்டை கொண்ட, கணினியில் செருகும் மிடி கீபோர்டே வீரனுக்கு அழகு என்றது ஒரு கட்சி. அறுபத்தொன்று போதும், ஓரத்தில் உள்ளதை யார் தொடுகிறார்கள் என்றது எதிர்க்கட்சி. இரு கட்சியார் வாதத்தையும் ஒரு வாரம் விடாமல் கேட்டுக் கண்சிவந்த வேந்தன், மனைவியின் அளவுநாடாவை இரவல் வாங்கி நாட்டை அளந்தான். எண்பத்தெட்டை வைத்தால் அதன் வால் தையல் ஊசிக்கு அடியில் போய் நிற்கும். அறுபத்தொன்றை வைத்தால் வெள்ளைக்கோட்டைச் சாணளவு தாண்டும். தாண்டினால் கத்தரிக்கோல் பேசும். ஆகவே நாற்பத்தொன்பது கட்டைக் குறுவாளைத் தேர்ந்தெடுத்து, பெரும் மேதைகள் நடுக்கட்டைகளையே பெரிதும் விரும்பினர் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். அப்படி எந்த மேதையும் சொன்னதாகத் தெரியவில்லை.

கீபோர்டு வந்து இறங்கிய நன்னாளில் மனைவி ஆசையாய் வந்து ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தாள். சத்தமில்லை. இன்னொன்றை அமுக்கினாள். அதிலுமில்லை. ரிப்பேர் பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள், பில் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள். வேந்தன் எழுந்து நின்று முழங்கினான்: "அறிவாயாக! தானே ஒலிக்கும் அற்பப் பெட்டியன்று இது. கணினிக்குள் துயிலும் சேனைக்குக் கட்டளை மட்டும் இடும் தளபதி!" கட்டளை மட்டும் போட வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறாரே என்று அவள் சொன்னதாக ஒரு பாடமும், சொல்லவில்லை, நினைத்ததோடு சரி என்று இன்னொரு பாடமும் உண்டு. வேந்தன் காதில் இரண்டும் விழவில்லை.

துயிலும் அச்சேனையை வரவழைத்த பாடு பெரும்பாடு. எங்கோ ஒரு பெருங்கூடத்தில் உண்மையான வயலின்காரர்கள் ஒவ்வொரு சுரமாக வாசிக்க, அதையெல்லாம் பதிவு செய்து கட்டிவைத்த ஒலித்தொகுப்புகள் பல உண்டு. நாம் கட்டையை அமுக்கினால் அவர்கள் வாசித்தது கேட்கும். அவற்றுள் விலையுயர்ந்தவற்றை மாதிரிக்குக் கேட்டுக் கண்கலங்கி, விலையைக் கண்டு மறுபடியும் கண்கலங்கி, இறுதியில் இலவசமாய்க் கிடைத்த ஒன்றை இறக்கத் தொடங்கினான். இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. வீட்டில் வேறெவரும் ஒரு படம் பார்க்க முடியவில்லை. ஒருவழியாய் இறங்கி முடிந்து வயலின்களை எழுப்பியபோது மடிக்கணினியின் விசிறி சுழன்று கதறிய கதறலில், அச்சேனையிலேயே உரத்த வாத்தியம் அந்த விசிறிதான் என்பது உறுதியாயிற்று. மெமரி கூட்டினான். விசிறி சற்றே அடங்கியது. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவர் என்பதாலும் நல்ல ஸ்பீக்கர் கைக்கு எட்டாது என்பதாலும் இருசெவியையும் கவ்விக்கொள்ளும் ஹெட்போன் ஒன்றைத் தெரிவு செய்தான். அதை மாட்டிக்கொண்டு அமர்ந்தால் கொட்டும் மழையும் கேட்காது, கூப்பிடும் மனைவியும் கேட்காது. விலைக்கு இது மிகுதியான பயன் என்று மகிழ்ந்தான்.

இவ்வாறு படைக்கலம் பூண்டு, விடியற்காட்சிக்குரிய பாடலை ஆக்கி, சின்னம்மா மகனை வரவழைத்து, ஹெட்போனை அவன் தலையில் முடிசூட்டுவதுபோல் மாட்டினான். பாடல் ஓடியது. வந்தவன் கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, வலிக்காமல் அடிக்க வேண்டுமே என்று தயங்கிச் சொன்னான்.

"நல்லாத்தான்ணா இருக்கு. ஆனா கீபோர்டு மாதிரி இருக்கு."

மார்பிற் பாய்ந்த வேல் முதுகு வழியே வெளிவந்தது. இவனை விட்டால் வேறு ஆளில்லை என்பதால், வந்தவன் கொஞ்சம் அவகாசம் தந்துவிட்டுப் போனான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேந்தன் கூடத்தின் ஒவ்வொரு மூலையாய்க் கோணல் பார்க்கத் தொடங்கினான். குற்றம் ஹெட்போனிலா, வயரிலா, நாற்காலியிலா? மீண்டும் முனிவர்களிடம் ஓடினான். அவர்களுள் கருணைமிக்க ஒருவர், வயலின்காரன் ஒரு சுரத்தைத் தொட்டு, வளர்த்து, தேய்த்து விடுவான்; நீ கட்டையை அமுக்கினால் அது அமுக்கினபடியே நிற்கிறது; ஆதலால் காலால் அமுக்க அமுக்க ஒலி பெருகி, விட விடத் தேயும் பெடல் ஒன்று வாங்கு என்றருளினார். யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழலாமா? ஆர்கன் வாசிப்பதை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து பழைய பெடல் ஒன்றை மலிவாய்ப் பெற்று, கையோடு தங்கமுலாம் பூசிய வயர் ஒன்றையும் வாங்கினான். வயர் எதற்கு என்று கேட்காதீர்கள். பளபளவென்று இருந்தது.

அதனால் மேசைக்கு அடியிலும் ஒரு போர்க்களம் உருவாயிற்று. கிழக்கே தையல் மெஷினின் மிதி, மேற்கே ஆர்கெஸ்ட்ராவின் மிதி. பெடல் குடியேறிய முதல் நாளே, அவன் வயலின்கள் உச்சந்தொடும் தருணத்தில் உணர்ச்சிவயப்பட்டு ஓங்கி அமுக்கியது அண்டை நாட்டு மிதியை. மெஷின் சீறிப் பாய்ந்து, ஊசிக்கடியில் காத்திருந்த கால்சட்டையின் கணுக்கால் வாயைப் பல்வரிசைபோல் அழகாய் மூடித் தைத்துவிட்டது. ஹெட்போன் அணிந்திருந்த வேந்தன் தன் இசைக்கு மெய்சிலிர்த்துக்கொண்டிருந்தான். மனைவி வந்து கால்சட்டையைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தபோதுதான் உலகம் தெரிந்தது. அவள் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது, இடம் போதாது. இனி வேந்தன் உட்கார்ந்தால் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்நேரத்தில் பட்டன் வைப்பது, ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவது போன்ற வேலைகளைப் பார்த்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. பழைய துணித்துண்டு அடைத்த மூட்டை ஒன்றை இரு மிதிக்கும் நடுவே எல்லைச்சுவராய்த் திணித்துவைத்தாள்.

அடுத்து நிகழ்ந்தது அற்புதம். மறுநாள் மாலை அவள் கிழக்கே அமர்ந்து கனமான கோட்டு ஒன்றுக்குக் கையால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். வேந்தன் மேற்கே அமர்ந்து, தங்க வயரைச் செருகி, கட்டைகளின்மேல் விரல்வைத்துக் காலை அமுக்கினான். ஆகா! செத்துக் கிடந்த வயலின்கள் எழுந்தன. சுரம் மெல்லப் பிறந்தது, நிறைந்தது, விம்மியது, விம்மி முடியுமுன்னே மனமில்லாமல் தேய்ந்து அடுத்த சுரத்தின் கையில் தன்னை ஒப்படைத்தது. கடலில் உடைந்து கரையில் கண்விழித்த ஒருவன் 'இருக்கிறேனா?' என்று தன்னையே தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது அந்த இசை. வேந்தன் அழுதான். வெட்கமில்லாமல் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். பாட்டின் முதற்பாதியைப் பதிந்து அப்போதே அனுப்பிவைத்தான்.

சிறிது நேரத்தில் சின்னம்மா மகன் போனில் வந்தான். யாரை வைத்து வாசித்தீர்கள், அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டாமா என்று உண்மையாகவே கவலைப்பட்டான். இதேபோல் மீதிப் பாதியும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வதாக வாக்களித்தான். வேந்தன் நெஞ்சு நிமிர்த்தி அறைக்குள் உலவி, "தங்கமுலாம்! எல்லாம் தங்கமுலாம்!" என்று முழங்கினான். கோட்டுக்காரர் காத்திருக்கிறார், வெளிச்சத்தை மறைக்காதீர்கள் என்றாள் மனைவி.

அவள் கோட்டைக் கொடுக்கப் போயிருந்த மறுநாள், வேந்தன் தனியே அமர்ந்து மீதிப் பாதியைப் பதிய முற்பட்டான். விரலும் அதே, வயரும் அதே. பிணம் எழவில்லை. தங்க வயரைத் தலைகீழாய் மாற்றிச் செருகினான். நாற்காலியை மாற்றினான். கணினியை அணைத்து எழுப்பினான். நேற்று உடுத்தியிருந்த சட்டையைத் துவைக்கும் கூடையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அதையும் செய்தான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், பெடலின் வயர் கழன்றிருக்குமோ என்று ஐயுற்று, மண்டியிட்டு, மேசைக்கு அடியிலிருந்த பாதாள உலகினுள் தலையை நுழைத்தான்.

நுழைத்த தலையை வெளியே எடுக்க வெகுநேரமாயிற்று. அவன் கால் வைத்திருந்த இடத்தில் பெடல் இல்லை. துணிமூட்டை இருந்தது. மெத்தென்று அமுங்கி மெத்தென்று எழும் அந்த மூட்டையைத்தான் நேற்று முழுதும் அவன் உயிரைக் கொடுத்து மிதித்திருக்கிறான். வழுவழுத் தரையில் சறுக்கிச் சறுக்கி பெடல் கிழக்கு நாட்டுக்குக் குடிபெயர்ந்து, மனைவி அமரும் நாற்காலிக்கு நேர்கீழே இருந்தது. பல்லாண்டு மெஷின் மிதித்த கால், கையில் ஊசி இருக்கையில் சும்மா இருக்காது. பிளக்கைப் பிடுங்கினாலும் அதற்குத் தெரியாது. துணியை ஊசி குத்தும்போது பட்டும்படாமலும், நூல் இழுபடும்போது அழுத்தமாயும், இழுத்து முடிக்கையில் மெல்லத் தளர்ந்தும் தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருக்கும். வேந்தனை அழவைத்தது அவள் தைத்த கோட்டின் ஓரம்.

இந்த இடத்தில் ஒரு காவியத்தலைவன் என்ன செய்ய வேண்டும்? உண்மையைச் சொல்ல வேண்டும். இவன் என்ன செய்தான்? டீ போட்டான். மனைவி திரும்பி வந்ததும் தம்ளரை நீட்டி, பாவம் நின்றே களைத்திருப்பாய், உட்கார்ந்து ஏதாவது கைத்தையல் வேலை பாரேன் என்று தேன்சொட்டக் கூறி, அவள் அமர்ந்ததும் கீழே குனிந்து பேனா தேடுவதுபோல் பாவனை செய்து பெடலை அவள் காலடிக்குத் தள்ளினான். கால் நகர்ந்தால் பெடலையும் நகர்த்தினான். பேனா மறுபடியும் விழுந்தது. இன்னொரு முறையும் விழுந்தது. அவள் ஊசியை நிறுத்திவிட்டு மேசைக்கடியில் எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு இதை என் காலுக்கடியிலயே தள்ளிக்கிட்டு இருக்கீங்க? கால் வைக்கிற பலகைன்னுல்ல நெனச்சேன்."

தரையிலிருந்தபடியே வேந்தன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். மூட்டையைச் சொன்னான், கோட்டைச் சொன்னான், சட்டையை மட்டும் சொல்லவில்லை. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு, கேட்கலாமா என்றாள். ஹெட்போனை மாட்டிவிட்டு முதற்பாதியை ஓட்டினான். சிரிப்பு நின்றுபோனது. முழுதும் கேட்டு முடித்து, இன்னொரு தரம் போடச் சொன்னாள். இது என் காலா என்றாள். உன் கால்தான் என்றான். அந்த நேரத்தில் அவனுக்குப் பொறாமையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இனி வெற்றிதான் என்று இருவரும் பதியத் தொடங்கினர். அவள் ஹெட்போன் அணிந்து, உதட்டைக் கடித்து, கவனமாய், மிகக் கவனமாய் மிதித்தாள். ஐயகோ, வயலின்கள் விக்கல் எடுத்தன. அவன் வாய்திறந்து திருத்தம் சொன்னான், இன்னும் கெட்டது. எண்ணி மிதிக்கச் சொன்னான். பஸ் பிரேக் பிடிப்பதுபோல் ஆயிற்று. அவகாசமோ தீர்ந்துகொண்டிருந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது எனக்கு வேணாம். கேட்டா கால் வரமாட்டேங்குது. தைக்க ஏதாவது குடுங்க, நான் என் வேலையைப் பார்க்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

கைக்கு எட்டிய துணிகளெல்லாம் தைத்து முடித்தவையாகவே இருந்தன. வேந்தன் உள்ளே ஓடி, தன் நல்ல கால்சட்டையை எடுத்து, அதன் ஓரத்தைத் தன் கையாலேயே பிரித்துக்கொண்டு வந்து காணிக்கையாக்கினான். அவள் தைத்தாள். அவன் வாசித்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு காலுக்கு ஓரம் முடிகையில் கரையில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தனர். மறுகாலுக்கு முடிச்சுப் போட்டு அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தபோது சூரியன் உதித்தது. வேந்தன் கடைசிக் கட்டையிலிருந்து விரலை எடுத்தான். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பாட்டு முடிந்திருந்தது.

சின்னம்மா மகன் கேட்டுவிட்டு, சொன்ன சொல் தவறாமல் எடுத்துக்கொண்டான். வயலின் யார் என்று மட்டும் விடாமல் கேட்டான். உன் அண்ணிதான் என்று வேந்தன் உண்மையைச் சொன்னான். போங்கண்ணா, சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க என்று அவன் சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

முழங்குக முரசே! ஊதுக சங்கே! மேற்கு நாடு நிலைத்தது. வேந்தன் தன் பாதிப் பலகையின் தூசியைத் துடைத்து, கீபோர்டை நேராக்கி, வெற்றித்திருமகன் வீற்றிருக்குமாறு வீற்றிருந்தான். அந்நேரம் உள்ளறையில் மனைவி போனில் பேசுவது கேட்டது. ஹெட்போன் அணியாததால் கேட்டது.

"இல்லைங்க, அவ்வளவு துணி வெட்ட இங்க இடமில்லை. ஆமாங்க, எனக்கும் ஆசைதான். வேற யாரையாவது பாத்துக்கங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். குரலில் குறையொன்றுமில்லை. 'எனக்கும் ஆசைதான்' என்னும்போது மட்டும் சற்றே வளர்ந்து, சொல்லி முடியுமுன் தானே தேய்ந்தது. ஊர்ச் செவியெல்லாம் அளக்கும் செம்மல் அதை அளந்துவிட்டான். தன் பாட்டின் பாதி உயிரைத் தந்தவளைத் தரையில் மண்டியிட்டுத் துணி வெட்டும்படி விட்டுவிட்டு, தான் இங்கே பலகை ஆள்வதா? இப்படியொரு வெற்றி தனக்கு வேண்டாம் என்று தோன்றியது. உடனே எழுந்தான். வயர்களைப் பிடுங்கினான், தங்கமுலாம் உட்பட. நாற்பத்தொன்பது கட்டைத் தளபதியைத் தூக்கக் கலக்கத்திலிருக்கும் பிள்ளையைப்போல் இருகையிலும் ஏந்திக்கொண்டு உள்ளறை வாயிலில் போய் நின்று, வேந்தர் வரலாற்றிலேயே நிகரற்ற பிரகடனத்தைச் செய்தான்: "கேளுங்கள், எண்டிசை வாழ்வோரே! இன்றுமுதல் மேற்கும் கிழக்கும் ஒரே நாடு. அதன் ஏகபோகப் பேரரசி இவளே. முடிதுறந்தேன்!"

அவள் போனைக் கையால் பொத்தி, "சும்மா இருங்க, பேசிட்டிருக்கேன்ல" என்றாள். பிறகு அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள். அவன் தோளுக்கு மேலே எட்டி, காலியாய்க் கிடந்த மேசையைப் பார்த்தாள். மறுபடி அவன் முகத்தைப் பார்த்தாள். போனைக் காதில் வைத்து, ஓட்டல்காரரிடம் துணி எப்போது வரும் என்று கேட்டாள். பேசி முடித்ததும் வந்து, கீபோர்டின் ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டாள்; பெடல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், காலுக்குப் பழகிப்போச்சு என்றாள். அரியணை இழந்த அண்ணலும் அரசாட்சி ஏற்ற அன்னையும் அத்தளபதியை ஆளுக்கொரு முனையாய் ஏந்தி, அதை வைக்க ஓரிடம் தேடி, அந்தச் சின்னஞ்சிறு வீட்டின் திசையெல்லாம் வலம் வந்தனர்.

கீபோர்டு இப்போது இஸ்திரிப் பலகைமேல் இருக்கிறது. இஸ்திரி போட வேண்டுமென்றால் நான்தான் எடுத்துக் கட்டில்மேல் வைக்க வேண்டும்.